எடின்பரோவில் ஓர் இராத்திரி

பிள்ளையைச் சீமைக்குப் படிக்க அனுப்பிவிட்ட பெற்றோரின் கவலைகளை வரிசைப்படுத்தினால் பணக் கவலைதான் முதலில் வரும் என்று நேயர்கள் நினைக்கலாம். அப்படியில்லை. பணக் கவலைக்குப் பாங்கிக்காரர் இருக்கிறார்; கடனைக் கொடுத்து, வட்டியையும் போட்டு, அந்தக் கவலையில் பாதியைத் தாமே ஏற்றுக் கொள்கிறார். சாப்பாட்டுக் கவலைக்கு ஊறுகாய் ஜாடி இருக்கிறது. எதற்கும் கட்டுப்படாத கவலை வேறொன்று. "ராத்திரி வேளையில் எங்கே சுற்றுகிறதோ? யாரோடு சுற்றுகிறதோ?" என்பதே அது. சீமையில் கோடைக்கால இரவு மணி பதினொன்று. நம் ஊரில் பின்னிரவு மூன்றரை. தூக்கம் வராத தாயார் கைபேசியை எடுத்துக் கூப்பிடுகிறாள். மணி அடித்துக் கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை. அதற்குப் பிறகு பொழுது விடிகிற வரையில் அந்த அம்மாள் மனத்தில் ஓடுகிற காட்சிகளை எந்த சினிமாக்காரரும் எடுத்துக் காட்ட முடியாது.

இந்தக் கவலை அநாவசியம் என்று வாதிக்க நான் வரவில்லை. கைபேசியை எடுக்காத ஒரு பிள்ளை ஓர் இரவில் உண்மையாகவே என்ன செய்து கொண்டிருந்தது என்பதை மட்டும் சொல்லப் போகிறேன். சொல்வதற்கு இப்போது ஒரு காரணமும் ஏற்பட்டிருக்கிறது. அது பின்னால் வரும்.

2011-ஆம் வருஷம் ஜூன் மாதம். ஸ்காட்லாந்தின் தலைநகரமாகிய எடின்பரோவில், 1583 முதல் பாடம் சொல்லிக் கொடுத்து வரும் சர்வகலாசாலையில் நான் மாணாக்கன். எங்கள் குடியிருப்பில் ஐந்து பேருக்கு ஒரு சமையலறை. ஐவரும் ஐந்து தேசம். ஒருவர் பெயரை மற்றவர் சரியாக உச்சரிக்க முடியாமல் முதல் வாரமே திண்டாடிப் போனதால், பெயர்களைக் கைவிட்டு ஊர்களால் அழைப்பது என்று ஒப்பந்தம் செய்து கொண்டோம். அதன்படி லாகூர், கார்ட்டூம் என்று இரண்டு ஆண்பிள்ளைகள், ஸெண்டாய், தெஸ்ஸலோனிகி என்று இரண்டு பெண்கள், அடியேன் கும்பகோணம். பெயரை விட ஊர் சுலபம் என்று நினைத்தது எவ்வளவு பேதைமை என்பது 'கும்பகோணம்' அவர்கள் வாயில் பட்ட பாட்டைக் கேட்டால் தெரியும்.

அந்த நாட்டில் சமையலறைக் கூரையில் புகையைக் கண்டால் அலறும் ஒரு சிறு யந்திரத்தைப் பொருத்தி வைக்கிறார்கள். வெந்த உருளைக்கிழங்கோடு அதற்கு விரோதம் இல்லை. ஆனால் வெங்காயம் எண்ணெயில் சிவந்து வரும்போது மட்டும் அதனால் பொறுத்துக் கொள்ள முடிவதில்லை. இரவு பத்தரை மணிக்கு லாகூருக்குப் பசி எடுத்தது. வாணலியை அடுப்பில் ஏற்றினார். ஐந்து நிமிஷத்தில் கட்டிடம் முழுவதும் தீ மணி கணகணவென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது.

மணி அடித்தால் இருந்தவர் இருந்த கோலத்தில் தெருவுக்கு வந்துவிட வேண்டும்; தீயணைப்புக்காரர்கள் வந்து பார்த்து 'உள்ளே போகலாம்' என்று சொல்லுகிற வரையில் எதிர்ப் பக்கத்தில் நிற்க வேண்டும். இது சட்டம். அப்படியே நின்றோம். ஸெண்டாயின் காலில் ஸ்நான அறைக்குப் போட்டுக் கொள்ளும் ரப்பர்ச் செருப்பு. தெஸ்ஸலோனிகியின் கையில் பாதி படித்த புஸ்தகம். லாகூரின் கையில் கரண்டி. என் கைபேசி அறையிலேயே தங்கிவிட்டது. கார்ட்டூம் ஒருவர்தான் ஒழுங்காகக் கோட்டு அணிந்து வந்திருந்தார். ஜூன் மாதத்தில் கோட்டு எதற்கு என்று நாங்கள் கேலி செய்தோம். அந்தக் கோட்டின் உள் பையில் ஒரு காகிதம் இருந்தது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

எடின்பரோ பூமியின் வடபாகத்தில் ஏறக்குறைய 56-வது பாகையில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் சூரியன் இரவு பத்து மணிக்கு அஸ்தமிக்கும். காலை நாலரைக்குள் உதயமாகிவிடும். நடுவில் இரவு என்று பெயர் சொல்லிக் கொள்ளும் நேரத்திலும் வடக்கு வானத்தின் அடியில் ஒரு வெளிச்சம் மங்காமல் தங்கியிருக்கும். அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கொண்டே தெஸ்ஸலோனிகி சொன்னார்: "எப்படியோ வெளியே வந்தாயிற்று. இனித் திரும்பி உள்ளே போவானேன்?"

அவ்வளவுதான் திட்டம். கரண்டியைக் கதவோரத்தில் வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினோம்.

முதலில் 'மெடோஸ்' என்னும் பெரிய புல்வெளி. அதன் ஓரத்தில் திமிங்கிலத்தின் தாடை எலும்புகளை நட்டு வளைவு போல நிறுத்தியிருந்தார்கள். 1886-இல் அந்த மைதானத்தில் நடந்த பெரிய கைத்தொழில் கண்காட்சியின் ஞாபகார்த்தம் அது. அந்த வருஷத்தில் அதே சர்வகலாசாலையில் ரஸாயனம் படித்துக் கொண்டிருந்த ஒரு வங்காள இளைஞரும் அந்தப் பக்கம் நடந்துதான் இருக்க வேண்டும். அவர்தான் பிற்காலத்தில் ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய் என்று தேசம் கொண்டாடிய மகான். சிப்பாய்க் கலகத்துக்கு முன்னும் பின்னும் இந்தியா எப்படி இருந்தது என்பதைப் பற்றிச் சர்வகலாசாலையில் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். உபகாரச் சம்பளத்தில் படிக்க வந்த பிள்ளை, பிரிட்டிஷ் ஆட்சியைத் தாட்சண்யம் இல்லாமல் கண்டித்து எழுதிக் கொடுத்தார். பரிசு கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டுரையை 1886-இல் அச்சிட்டு வெளியிட்டுவிட்டு, மறு வருஷம் டாக்டர் பட்டமும் வாங்கிக் கொண்டார். எலும்பு வளைவின் கீழே நின்று இந்தக் கதையை நான் சொன்னபோது லாகூர், "எங்கள் ஊர்க்காரர்களும் அப்போது உங்கள் ஊர்க்காரர்கள்தானே? ஆகையால் அவர் எங்களுக்கும் பாட்டனார்" என்று பங்கு கேட்டார். கொடுத்துவிட்டேன்.

அங்கிருந்து லோதியன் தெரு. பரிணாமத் தத்துவத்தால் உலகத்தைக் கலக்கிய சார்லஸ் டார்வின் வைத்தியம் படிப்பதற்காக எடின்பரோவுக்கு வந்து குடியிருந்த தெரு அது. அந்தத் தெருவிலேயே, சில வீடுகள் தள்ளி, ஜான் எட்மன்ஸ்டன் என்பவர் இருந்தார். தென் அமெரிக்காவில் கயானாவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற கறுப்பர். இறந்த பறவைகளின் தோலை உரித்துப் பதப்படுத்தி உயிருள்ளவை போல நிறுத்தும் வித்தையில் தேர்ந்தவர். 1826-இல் தினம் ஒரு மணி நேரமாக இரண்டு மாதம் டார்வினுக்கு அவர் அதைக் கற்றுக் கொடுத்தார். சம்பளம் மொத்தம் ஒரு கினி. பின்னால் தீவு தீவாகப் போய்ப் பறவைகளைச் சேகரித்த கைக்கு முதலில் கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் இவரே. இது கார்ட்டூமுக்கு முன்னமே தெரிந்திருந்தது. எங்கள் நால்வருக்கும் அவர்தான் சொன்னார்.

பசி லாகூரின் சொந்தச் சொத்தாக இருந்து இதற்குள் பொதுச் சொத்தாகிவிட்டது. ஒரு வறுவல் கடைக்குள் நுழைந்தோம். கட்டை விரல் பருமனுக்கு உருளைக்கிழங்கை வெட்டி எண்ணெயில் பொரித்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கிறார்கள். சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது வழக்கமாகையால், விசாரிக்காமல் நான் எதையும் வாயில் வைப்பதில்லை. "தாவர எண்ணெய்தான், பயப்படாதே" என்றார் கடைக்காரர். எடின்பரோவின் கடைகளில் வறுவலின் மேல் உப்பும் ஒரு பழுப்பு நிறப் புளிப்புக் குழம்பும் ஊற்றுவார்கள். பக்கத்திலுள்ள கிளாஸ்கோ நகரத்தில் வினிகர்தான். இந்த விஷயத்தில் இரண்டு ஊராருக்கும் உள்ள வைராக்கியத்தைப் பார்த்தால் வடகலை தென்கலைச் சண்டையெல்லாம் சாதாரணம் என்று தோன்றும்.

கடைக்காரர் இத்தாலிய வம்சம். ஸ்காட்லாந்தில் இந்தக் கடைகள் பலவும் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள் வைத்தவை. 1940 ஜூன் 10-ஆம் தேதி முஸோலினி யுத்தப் பிரகடனம் செய்த இரவில், நேற்று வரை வறுவல் வாங்கித் தின்ற ஜனங்களே கூட்டமாக வந்து அந்தக் கடைகளின் கண்ணாடிகளை நொறுக்கினார்கள். ஆண்பிள்ளைகளைச் சர்க்கார் பிடித்துக் காவலில் வைத்தது. அப்படிப் பிடிபட்டவர்களை ஏற்றிக் கொண்டு கனடாவுக்குக் கிளம்பிய 'அரண்டோரா ஸ்டார்' என்ற கப்பல் ஜூலை 2-ஆம் தேதி ஜெர்மானிய நீர்மூழ்கியால் தாக்குண்டு மூழ்கியதில் எண்ணூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் நானூறு பேருக்கு மேல் இத்தாலியர். கடைக்காரர் இதையெல்லாம் உருளைக்கிழங்கைப் புரட்டிக் கொண்டே, மழை பெய்ததைச் சொல்வது போலச் சொன்னார். பிறகு, கேளாமலே இரண்டு கரண்டி அதிகமாகப் போட்டார்.

கடையை விட்டுக் 'கௌகேட்' என்னும் பள்ளத் தெருவில் இறங்கினோம். பழைய காலத்துக் கல் கட்டிடங்கள், மேலே பாலங்கள், கீழே நடன சாலைகள். ஒன்றின் வாசலில் வாத்திய சத்தம் காதைப் பிளந்தது. தெஸ்ஸலோனிகிக்கு ஆட்டத்தில் பிரியம். வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும், கதவை அடைத்துக் கொண்டு நின்ற ஆஜானுபாகுவான காவலாளி எங்கள் ஐவரையும் மேலிருந்து கீழ் வரை பார்த்துக் கொண்டே வந்தான். கண் ஸெண்டாயின் பாதத்தில் வந்து நின்றது.

"செருப்புக்கு அனுமதி இல்லை" என்றான்.

நாங்கள் சிரித்துவிட்டோம். அவனும் சிரித்தான். வரிசையை விட்டு விலகி நடந்தோம். ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகு கார்ட்டூம் மெதுவாகச் சொன்னார்: "அவன் மேலிருந்து கீழே பார்த்துக் கொண்டு வந்தானே, முகத்தில் நிற்கவில்லை, செருப்பு வரையில் போய்விட்டான். எனக்கு அது போதும்."

இது விளங்குவதற்கு வாசகர்கள் 1927-ஆம் வருஷத்துக்கு வர வேண்டும். அந்த வருஷத்தில் எடின்பரோவின் சில நடன சாலைகளும் போஜன சாலைகளும், இந்தியர், ஆப்பிரிக்கர் முதலிய வெள்ளையரல்லாத மாணாக்கர்களை இனி உள்ளே விடுவதில்லை என்று தீர்மானித்தன. அந்த மாணாக்கர்கள் யார்? வைத்தியமும் பொறியியலும் சட்டமும் படிப்பதற்காகக் கடல் கடந்து போனவர்கள். சம்பளப் பணத்தைக் கட்டும்போது அவர்களுடைய ரூபாய்க்கு நிறம் இருக்கவில்லை. பரீட்சை மண்டபத்துக்குள் போகலாம். ஆஸ்பத்திரியில் வெள்ளையரின் நாடியைப் பிடித்துப் பார்க்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் சக மாணவனோடு ஒரு கோப்பை தேநீர் அருந்த மட்டும் கூடாது. 'சாம்ராஜ்யத்தின் பிரஜைகள் எல்லோரும் சமம்' என்று நமக்குப் பாடப் புஸ்தகத்தில் அச்சிட்டுக் கொடுத்திருந்த காலம் அது!

நம்மவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1883-இலேயே அங்கே இந்தியர் சங்கம் ஒன்றை ஏற்படுத்தியிருந்தார்கள். அந்தச் சங்கம் கிளர்ச்சி செய்தது. பத்திரிகைகளில் விவாதம் மூண்டது. பிரிட்டிஷ் பார்லிமெண்டிலே கேள்வியும் எழுந்தது. இவையெல்லாம் சரித்திரக்காரர்கள் எழுதி வைத்திருக்கிற சங்கதிகள். அவர்கள் எழுதாத ஒன்றை நான் அன்றிரவு கௌகேட்டில் நின்று யோசித்தேன். அந்த நாளில் ஓர் இந்திய மாணவன் தன் சிநேகிதர்களோடு வெளியே போவதென்றால், எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக் கொண்டுதானே போயிருப்பான்? வெள்ளைக்காரச் சிநேகிதன் ஒருவன், "வா, இங்கே நுழையலாம்" என்று கூப்பிட்டால், ஏதாவது தலைவலியைச் சாக்குச் சொல்லித் தப்பித்துக் கொண்டிருப்பான். தீ மணி அடித்ததும் கையை வீசிக் கொண்டு கிளம்பும் உல்லாசம் அவனுக்கு வாய்த்திராது. நினைத்தபோது கிளம்பி நினைத்த இடத்துக்குப் போவது அற்ப விஷயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அதற்கு ஒரு ஊர் முழுவதும் ஒத்துழைக்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தெருவின் கோடியில் ஸ்காட்லாந்தின் புதிய பார்லிமெண்ட் கட்டிடம் இருக்கிறது. 2004-இல் திறந்தது. முந்தின மாதம் நடந்த தேர்தலில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி பெரும்பான்மை பெற்றிருந்தது. இவர்களும் பிரிந்து போய்விடுவார்களா என்பது பற்றி லாகூரும் நானும் பந்தயம் கட்டினோம். 2014-இல் வோட்டு எடுத்தபோது நூற்றுக்கு 55 பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் பந்தயம் எனக்கே ஜயம். பணம் இன்னும் வரவில்லை.

பார்லிமெண்டுக்கு எதிரே மலை. 'ஆர்தரின் ஆசனம்' என்று பெயர். உயரம் 251 மீட்டர். நமது திருச்சி மலைக்கோட்டையைப் போல ஊருக்கு நடுவில், ஆனால் அதைவிட மூன்று பங்கு உயரமாக எழும்பி நிற்கிறது. சுமார் முப்பத்து நாலு கோடி வருஷங்களுக்கு முன் நெருப்பைக் கக்கிய எரிமலையின் மிச்சம் அது. அதன் பாறைகளைக் குடைந்து குடைந்து பார்த்துத்தான் ஜேம்ஸ் ஹட்டன் என்ற எடின்பரோ அறிஞர், பூமிக்கு வயது ஆறாயிரம் வருஷமல்ல, கணக்கில் அடங்காதது என்று பதினெட்டாம் நூற்றாண்டில் உலகத்துக்குச் சொன்னார். மலையேறுவது என்று யாரும் தீர்மானிக்கவில்லை. பாதை மேல் நோக்கிப் போயிற்று, நாங்களும் போனோம். ஸெண்டாய் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக் கொண்டு வெறுங்காலோடு, எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஏறிவிட்டார்.

உச்சியை அடைந்தபோது மணி ஒன்று இருக்கும். கீழே ஊரின் விளக்குகள். கோட்டையின் கறுப்பு உருவம். வடக்கே ஃபோர்த் நதி சமுத்திரத்தோடு கலக்கும் முகத்துவாரம், வெள்ளித் தகடு மாதிரி. நாங்கள் நால்வரும் கடலைப் பார்த்து உட்கார்ந்தோம். ஸெண்டாய் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக் கொண்டு உட்கார்ந்தார்.

யாரும் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து அவரே சொன்னார். மார்ச் 11-ஆம் தேதி ஜப்பானில் பூகம்பமும் ஆழிப் பேரலையும் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தாய் தந்தையர் ஸெண்டாய் நகரத்தின் உட்புறத்தில் இருந்ததால் தப்பினார்கள். அத்தையின் வீடு யூரியாகே என்ற கடலோரத்து ஊரில். வீடு இருந்த தெருவே இல்லை. அத்தை இல்லை. மூன்று மாதமாக ஒரே சமையலறையில் எங்களோடு சோறு சமைத்துக் கொண்டிருந்தவர், 'குடும்பத்தார் சௌக்கியம்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி நாகப்பட்டினத்தில் நடந்ததை நான் சொன்னேன். எங்கள் ஊரிலிருந்து துணியும் அரிசியும் லாரியில் ஏற்றிப் போனபோது, கடலிலிருந்து வெகு தூரத்தில் வயலின் நடுவே படகு கிடந்ததைப் பார்த்தவன் நான். ஸெண்டாய், "ஆமாம், படகு வயலில்தான் கிடக்கும்" என்றார். அதற்கு மேல் இருவரும் பேசிக் கொள்ளவில்லை. ஆறுதல் சொல்வதற்கு நான் தகுதியுள்ளவன் அல்லன். படகு எங்கே கிடக்கும் என்று தெரிந்தவன் ஒருவன் பக்கத்தில் இருந்தால் போதும் என்று அவருக்கு இருந்திருக்கலாம்.

கார்ட்டூம்தான் மௌனத்தைக் கலைத்தார். "அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி என் தேசம் இரண்டாகப் போகிறது" என்றார். அப்படியே 2011 ஜூலை 9-ஆம் தேதி தென் சூடான் தனி நாடாயிற்று. "நீங்கள் இரண்டு பேரும் அனுபவஸ்தர்கள். பிரிந்த பிறகு என்ன செய்வது என்று எனக்குச் சொல்லுங்கள்."

லாகூரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம். 1947-இல் லாகூருடைய பாட்டி அமிருதசரஸிலிருந்து ஒரு மூட்டையோடு நடந்து வந்தவள். இது எனக்குத் தெரியும். அந்த வருஷம் மார்ச் மாதக் கடைசியில் மொஹாலியில் நடந்த கிரிக்கெட் பந்தயத்தில் இந்தியா 29 ரன் வித்தியாசத்தில் பாகிஸ்தானை வென்றபோது அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இதுவும் எனக்குத் தெரியும். லாகூர் யோசித்துச் சொன்னார்: "பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்றாவது தேசத்துக்குப் போய், ஒரு சமையலறையில், வெங்காயத்தை யார் நறுக்குவது என்று சண்டை போட்டுக் கொள்ள வேண்டியதுதான்."

மலையே அதிரும்படி சிரித்தோம். ஸெண்டாயும் சிரித்தார்.

இறங்கி வந்து பார்லிமெண்டின் பக்கம் திரும்பியபோது ஒரு போலீஸ் வண்டி மெதுவாக வந்து எங்கள் அருகில் நின்றது. எங்கள் நாலு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கார்ட்டூமின் வலது கை மட்டும் சட்டென்று கோட்டின் உள் பைக்குள் போயிற்று. ஜன்னலைத் திறந்த போலீஸ்காரர் ஸெண்டாயின் வெறுங்காலைப் பார்த்து, "பாதையில் கண்ணாடித் துண்டு கிடக்கும், அம்மா, செருப்பைப் போட்டுக் கொள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் விஷயம். ஆனால் பைக்குள் போன கை வெளியே வர வெகு நேரம் ஆயிற்று.

சூடான் உள்பட ஏறக்குறைய நாற்பது தேசத்து ஜனங்கள் அந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த ஏழு நாட்களுக்குள் போலீஸில் பெயரைப் பதிவு செய்து, 34 பவுன் கட்டி, ஒரு அத்தாட்சிப் பத்திரம் வாங்க வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. 2022-இல்தான் அதை எடுத்தார்கள். இந்தியாவும் பாகிஸ்தானும் அந்த ஜாபிதாவில் இல்லை, ஜப்பானும் இல்லை, கிரீஸ் அப்போது ஐரோப்பியக் கூட்டுறவைச் சேர்ந்ததாகையால் தெஸ்ஸலோனிகிக்கு விசாவே வேண்டாம். அந்தப் பத்திரத்தைக் கையோடு வைத்துக் கொண்டே திரிய வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. கார்ட்டூம் தாமாகவே வைத்துக் கொண்டிருந்தார், தீ மணி அடித்த போதும். ஐந்து பேரும் சேர்ந்து ஒரே இரவில் ஒரே தெருக்களில்தான் நடந்தோம். ஆனால் நாங்கள் நால்வர் நடந்த ஊர் வேறு, அவர் நடந்த ஊர் வேறு.

வீடு திரும்பினபோது மணி நாலு. கைபேசியில் அம்மாவின் அழைப்புகள் ஏழு. கூப்பிட்டேன்.

"எங்கே போயிருந்தாய், குழந்தை?"

"தீ மணி அடித்தது, அம்மா."

இந்தப் பதில் ஆறுதல் தருவதற்கென்று ஏற்பட்டதல்ல என்பது அதைச் சொன்ன பிறகுதான் விளங்கியது. எல்லாவற்றையும் விவரித்து முடித்ததும், "சரி, யார் யாரோடு போனாய்?" என்று கேட்டாள். "லாகூர், கார்ட்டூம், ஸெண்டாய், தெஸ்ஸலோனிகி" என்றேன். "போன ஊரைக் கேட்கவில்லை, கூட வந்தவர்களைக் கேட்கிறேன்" என்றாள்.

அதன் பிறகு எங்களில் ஒவ்வொருவருக்கும் கதவுகள் வேறு வேறு விதமாகத் திறந்தும் மூடியும் போயின. படிப்பு முடிந்தபின் இரண்டு வருஷம் அங்கே தங்கி வேலை பார்க்கலாம் என்றிருந்த வழியை 2012 ஏப்ரலில் அடைத்துவிட்டார்கள். லாகூர் ஊருக்குப் போய்விட்டார், நானும் வந்துவிட்டேன். 2021-இல் வேறு பெயரில் அந்தக் கதவை மறுபடி திறந்தார்கள். அதே 2021 முதல், தெஸ்ஸலோனிகியின் தேசத்து மாணாக்கர்களுக்கும் விசா வேண்டும் என்றாயிற்று.

கார்ட்டூம் தம் ஊருக்குப் போய்க் கல்லூரி ஆசிரியராக இருந்தார். 2023 ஏப்ரல் 15-ஆம் தேதி அங்கே இராணுவத்தின் இரண்டு பிரிவினருக்குள் யுத்தம் மூண்டது. கார்ட்டூம் என்று நாங்கள் அவரை அழைத்தோமே, அந்த ஊர் பாழாயிற்று. குடும்பத்தோடு கெய்ரோ போய்ச் சேர்ந்தார். சமீபத்தில் அவரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அவருடைய சகோதரியின் பிள்ளைக்குச் சென்னையில் ஒரு கல்லூரியில் மருந்தியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. க்ஷேமலாபங்களுக்குப் பிறகு அவர் கேட்டிருந்த கேள்வி ஒன்றே ஒன்று: "பையன் இரவில் வெளியே போகலாமா?"

இதைத்தான் முதலில் சொன்ன காரணம் என்று சொன்னேன். நம் தாய்மார்கள் கேட்கிற அதே கேள்வி, இந்தத் தடவை நம்மை நோக்கி வந்திருக்கிறது.

அவர் காரணம் இல்லாமல் கேட்கவில்லை. 2016 ஜனவரியின் கடைசி நாளில் பெங்களூரில் ஒரு சூடானிய மாணவர் ஓட்டி வந்த காரில் ஒரு பெண்மணி அடிபட்டு இறந்தார். சிறிது நேரம் கழித்து அந்த வழியே வேறொரு காரில் வந்த டான்ஸானியா தேசத்து மாணவியை ஒரு கூட்டம் இழுத்துப் போட்டு அடித்து மானபங்கப் படுத்தியது. இரண்டு பேருக்கும் உள்ள சம்பந்தம், நிறம் ஒன்று என்பதைத் தவிர வேறில்லை. 2017 மார்ச்சில் தில்லிக்கு அருகே கிரேட்டர் நோய்டாவில் நைஜீரிய மாணாக்கர்களைக் கூட்டம் கூடித் தாக்கினார்கள். 1927-இல் எடின்பரோ கதவைச் சாத்தியதைக் கேட்டு நமக்கு வருகிற ஆத்திரம் நியாயமானது. கதவைச் சாத்தினவர்கள் கையை நீட்டி அடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. டான்ஸானியாவின் தேசப்பிதாவாகிய ஜூலியஸ் நைரேரே 1949 முதல் 1952 வரை எடின்பரோவில்தான் படித்தார். காந்தியடிகளிடம் பெருமதிப்பு வைத்திருந்தவர். அவர் தேசத்துப் பெண் ஒருத்தி நம் தேசத்துக்குப் படிக்க வந்து கண்டது அது. சுதந்திரம் வந்ததும் 1950-இல் மௌலானா ஆஸாத் ஆரம்பித்து வைத்த கலாசார உறவுக் கழகம் இன்றும் உபகாரச் சம்பளம் கொடுத்துப் பல நாட்டு மாணாக்கர்களை இங்கே அழைக்கிறது. அழைப்பது சர்க்காருடைய காரியம். இரவு பத்து மணிக்கு வாசற்கதவைத் திறப்பது வீட்டுக்காரருடைய காரியம்.

கடிதத்துக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால், கல்லூரிக்குச் சமீபமாகையால், மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவிலேயே பையனுக்கு ஓர் அறை விசாரித்தேன். முதல் வீட்டுக்காரர் வாடகையைச் சொல்லி, முன்பணத்தைச் சொல்லி, எந்த ஊர்ப் பையன் என்று கேட்டார். சொன்னேன். மாடி அறையில் மழைக்கு ஒழுகுகிறது என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டாவது வீட்டுக்காரர் ஒளிவு மறைவில்லாதவர். "உங்களுக்காகச் செய்யலாம், ஸார். ஆனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்" என்றார். அந்த நாலு பேர் யார் என்று கேட்டேன். பெயர் சொல்ல மாட்டேனென்றார்.

மூன்றாவது வீடு, பிள்ளைகள் இருவரையும் அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கிற ஒரு மாமியுடையது. சகல விவரங்களையும் பொறுமையாகக் கேட்டுக் கொண்டார். "மாம்ஸம் சமைப்பானோ?" என்றார். "அறையில் சமைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், மாமி" என்றேன். "ராத்திரி எத்தனை மணிக்கு வருவான்?" என்றார். "சிநேகிதர்களோடு எங்கேயாவது போனால் பதினொன்று, பன்னிரண்டு கூட ஆகலாம்" என்று உள்ளதைச் சொன்னேன்.

மாமி சற்று யோசித்தார். பிறகு உள்ளே போய், சுவாமி அலமாரிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்த வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றிக் கொண்டு வந்தார்.

"கேட்டுக்கு இது ஒன்று அதிகப்படியாக இருக்கிறது. என் பெரிய பிள்ளையுடையது. இதை அவனிடம் கொடுத்துவிடுங்கள். பூட்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கும், இடது பக்கம் அழுத்தித் திருப்ப வேண்டும் என்று மறக்காமல் எழுதுங்கள்" என்றார்.